ஏரிக்கரையில் ஐந்து நாட்கள்

தில்லியில் வெயில் தலைகாட்டத் தொடங்கியதும் நம் விடுதிகளில் ஒரு பேச்சும் தொடங்கிவிடும். "நைனிதாலுக்குப் போய் வருவோமா?" என்பதே அது. விடுமுறையோ நான்கைந்து நாள்தான். ஊருக்குப் போகலாம் என்றால் சென்னைக்கே ஒன்றரை நாள் புகைவண்டிப் பயணம், அதற்கப்பால் பேருந்து. போன காலோடு திரும்ப வேண்டும். விடுதியிலேயே இருந்துவிடலாம் என்றால் உணவுக்கூடம் மூடியிருக்கும். தாழ்வாரத்தில் நம் காலடி ஓசை நமக்கே கேட்கும். இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட தமிழ் மாணவர்கள் மலைப்பக்கம் நோக்குவது இயல்பே.

நானும் அப்படித்தான் போனேன். 2023 ஜூனில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டு புறப்பட்டோம். இரவு முழுதும் விழித்திருந்து, காலையில் மலையடிவாரம் சேர்ந்தோம். அங்கிருந்து மேலே ஏறுகின்ற சாலையில் வண்டிகள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல் நின்றன. ஏரியைக் கண்டபோது பிற்பகல் ஆகிவிட்டது. படகுக்கு ஒரு வரிசை, சுட்ட சோளக்கதிருக்கு ஒரு வரிசை. ஏரியைக் கண்ணால் பார்த்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. இரவே திரும்பினோம். "நைனிதால் பார்த்தாயிற்று" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டோம். உண்மையில் நைனிதால்தான் எங்களைப் பார்த்தது!

சென்ற 2025-இல் ஹோலி விடுமுறையின்போது மீண்டும் போனேன். இம்முறை மூன்றே பேர். வேதியியல் படிக்கும் நான், ஈரோட்டு நண்பன் ஒருவன், நாகர்கோவில் நண்பன் ஒருவன். நைனிதாலில் தங்காமல், அதற்கருகே ஒரு சிற்றேரியின் மேல்கரைச் சிற்றூரில் ஐந்து நாட்கள் தங்கினோம். அந்த ஐந்து நாட்களில் அறிந்தவற்றைச் சங்க நண்பர்களுக்குப் பயன்படுமென்று இங்கே எழுதுகின்றேன்.

அறுபது ஏரி நாடு

உத்தராகண்ட மாநிலத்தின் கிழக்குப் பகுதிக்குக் குமாவுன் என்று பெயர். 'தால்' என்றால் அங்கே ஏரி. நைனிதால், பீம்தால், சாத்தால், நௌகுச்சியாதால், குர்பாதால் என்று ஒரு நாள் நடைக்குள்ளும் இரண்டு நாள் நடைக்குள்ளுமாக ஏரிகள் அமைந்திருக்கின்றன. இப்பகுதியை முற்காலத்தில் 'சக்காத்தா' என்று அழைத்தனர். அறுபது ஏரிகள் என்பது அதன் பொருள் என்பர். இன்று அறுபது இல்லை. பல தூர்ந்து வயலாகிவிட்டன. பெயர் மட்டும் பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

நம் நாட்டு மலை ஏரிகளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உதகை ஏரி 1820-களில் சல்லிவன் என்ற ஆங்கில அதிகாரி அமைத்தது. கொடைக்கானல் ஏரி 1863-இல் லெவிஞ்சு என்பவர் அமைத்தது. இரண்டும் ஓடைகளை மறித்துக் கட்டியவை. குமாவுன் ஏரிகளோ இயற்கையில் உண்டானவை. இமயமலை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை. நிலப்பிளவுகளில் பாறைகள் நழுவியும் சரிந்தும் பள்ளத்தாக்குகளை அடைத்ததால் நீர் தேங்கி ஏரியாயிற்று. அதாவது, மலையின் அசைவே ஏரியைத் தந்தது. அதே அசைவு அதை அழிக்கவும் வல்லது என்பதைப் பின்னால் காண்போம்.

போகும் வழி எளிது. பழைய தில்லி நிலையத்தில் இரவு ராணிகேத் விரைவு வண்டியில் ஏறினால், விடியலில் காட்கோதாம். 1884-இல் இருப்புப்பாதை அவ்வூரை எட்டியது. இன்றும் அதுவே கடைசி நிலையம். அதற்குமேல் மலை. அங்கிருந்து பங்கு ஜீப்பில் ஏறினால் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் பீம்தால். கடல்மட்டத்திலிருந்து 550 மீட்டர் உயரத்தில் இருந்தவர்கள், ஒரு மணி நேரத்தில் 1,370 மீட்டருக்கு வந்துவிடுகின்றோம். சட்டைக்குமேல் கம்பளி ஏறுகின்றது.

தங்கிய வீடு

நாங்கள் தங்கியது நௌகுச்சியாதாலுக்கு மேலே, அரைமணி ஏற்றத்தில் இருந்த ஓர் உழவர் வீட்டில். இப்போது இதனை 'ஹோம்ஸ்டே' என்கின்றனர். பெரிய விடுதிகளைவிடச் செலவு குறைவு. வீட்டார் உண்பதே நமக்கும் உணவு. கருங்கல் சுவர், கூரையில் பாதி பழைய பலகைக்கல், பாதி புதிய தகரம். கீழ்த்தளம் மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்க்கு. குளிர்காலத்தில் மாடுகளின் வெம்மை மேலே ஏறி வீட்டாரைக் காக்கும் என்பது அக்கட்டடத்தின் கணக்கு. வெப்பம் மேல்நோக்கிச் செல்லும் என்ற பாடத்தை இதைவிட எளிதாக எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

வீட்டுத் தலைவி எழுபது வயது கடந்த பாட்டி. குமாவுனி மொழியில் பாட்டிக்கு 'ஆமா' என்று பெயர். இதனால் முதல்நாளே ஒரு வேடிக்கை நடந்தது. நாங்கள் மூவரும் தமிழில் பேசும்போது ஒருவர்க்கொருவர் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவோம் அல்லவா? ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்து பாட்டி, "என்ன வேண்டும், பேட்டா?" என்று எட்டிப் பார்த்தார். பிறகு விவரம் தெரிந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கள் ஊரில் எல்லோரும் பாட்டியைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களா?" என்றார். அன்று முதல் அவ்வீட்டில் எங்களுக்கு அயன்மை இல்லை.

உணவைப்பற்றி ஒரு சொல். வடநாட்டு உணவென்றால் கோதுமையும் பன்னீரும் என்று எண்ணுவோர் இங்கே வந்து பார்க்க வேண்டும். 'மடுவா' ரொட்டி என்று கருநிறத்தில் ஒன்று வந்தது. வாயில் வைத்ததும் தெரிந்துகொண்டோம், அது நம் கேழ்வரகு. 'ஜங்கோரா' என்பது குதிரைவாலி. 'கஹத்' என்று ஒரு பருப்பு வந்தபோது ஈரோட்டு நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "டேய், இது கொள்ளுடா!" என்றான். கொங்கு நாட்டானுக்குக் கொள்ளைப் பிறர் அறிமுகப்படுத்த வேண்டுமா? இரண்டரை ஆண்டு விடுதிச் சோறு தின்றவன் மூன்று முறை வாங்கி உண்டு, பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தான். நாங்களும் பேச்சுக் கொடுக்கவில்லை.

ஒன்பது மூலையும் ஒரு தட்டும்

நௌகுச்சியாதால் என்றால் ஒன்பது மூலை ஏரி. ஒன்பது மூலைகளையும் ஒரே பார்வையில் கண்டவர் வீடுபேறு அடைவார் என்பது அவ்வூர் நம்பிக்கை. புகையாய் மறைந்துபோவார் என்று சொல்வாரும் உளர். நாங்கள் கரையைச் சுற்றி நடந்து எண்ணினோம். நாகர்கோவில் நண்பனுக்கு ஏழு, எனக்கு ஆறு. மூவரும் மறையாமல் திரும்பிவிட்டோம். ஆனால் எண்ணிக்கொண்டு நடந்ததன் பயன் வேறு. குமாவுன் ஏரிகளுள் மிக ஆழமானது இது. ஏறத்தாழ 40 மீட்டர். கரை எங்கே வளைகின்றது, எந்த ஓடை எங்கே வந்து விழுகின்றது, எங்கே நாணல் அடர்ந்துள்ளது என்பவற்றை எல்லாம் கால்களே கற்றுத் தந்தன. பக்கத்திலேயே தாமரைக் குளம் ஒன்றும் உண்டு; அது பூப்பது கோடையிலும் மழைக்காலத்திலும்தான்.

படகில் ஏறினால் சும்மா இருக்க வேண்டா. ஒரு சிறு சோதனை சொல்கின்றேன். ஆமாவிடம் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு கடன் வாங்கினோம். அதை உறி கட்டுவதுபோல் கயிற்றால் கட்டி, ஒரு கல்லும் சேர்த்து, மெல்ல நீரில் இறக்கினோம். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகின்றதோ, அதுவே நீரின் தெளிவுக்கு அளவு. 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக்கடலில் செய்த சோதனை இது. இன்றும் உலகெங்கும் ஏரி ஆய்வாளர் இதனையே பயன்படுத்துகின்றனர். மண்ணும் கழிவும் சேர்ந்து பாசி பெருகினால் தட்டு விரைவில் மறையும். படகோட்டி முதலில் எங்களைப் பித்தர்கள் என்று எண்ணினார். பிறகு அவரே துடுப்பை வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்து முழம் எண்ணத் தொடங்கினார்.

நீந்தலாமா என்று கேட்பீர்கள். வேண்டா என்பதே என் விடை. காரணம் அச்சம் அன்று, இயற்பியல். கோடையில் வெயில் பட்ட மேல்நீர் வெம்மையடைந்து இலேசாகி மிதக்கின்றது. அதன்கீழ் கனத்த குளிர்நீர் அசையாது கிடக்கின்றது. இரண்டுக்கும் இடையே எல்லை திடீரென்று அமையும். மேலே இதமாக இருக்கிறதே என்று பாய்பவனுக்கு, கால் அந்த எல்லையைக் கடந்ததும் மூச்சுத் திணறும். கரையோரம் நீர்ப்பூண்டும் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை, குளிர்காலத்தில், மேல்நீரும் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்க, ஏரி முழுதும் கலக்கின்றது. அப்போதுதான் அடியிலுள்ள நீருக்கு உயிர்வளி கிடைக்கின்றது. ஏரி ஆண்டுக்கு ஒருமுறையே மூச்சு விடுகின்றது என்று இதனைச் சொல்லலாம்.

சாத்தால் காடு

மறுநாள் சாத்தால் சென்றோம். 'ஏழு ஏரி' என்பது பெயர்ப்பொருள். இராமன், இலக்குவன், சீதை பெயரிலான மூன்றும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. மற்றவை காட்டுக்குள் தனித்தனியே ஒளிந்திருக்கின்றன. 1930-இல் ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார் இங்கே ஓர் ஆசிரமம் நிறுவினார். அதன் மரங்கள் இன்றும் ஏரிக்கு நிழல் தருகின்றன. இங்கே செய்ய வேண்டியது ஒன்றே: விடியலில் சென்று, ஓரிடத்தில் உட்கார்ந்து, வாய் திறவாமல் இருப்பது. சிவந்த அலகும் தன் உடலைவிட நீண்ட நீல வாலும் கொண்ட ஒரு காக்கை இனப் பறவை கூட்டமாய்க் கடந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளியிட்ட பெரிய கொண்டை மீன்கொத்தி, நீர்மேல் ஒரு கிளையில் தவம் செய்தது. நம் ஊர்க் குக்குறுவானின் பெரிய அண்ணன் ஒன்று மலை அதிரக் கத்தியது. இருநூறுக்கு மேற்பட்ட பறவை வகைகளை இங்கே கண்டிருக்கின்றனர்.

வழியெல்லாம் குருதிச் சிவப்பாய் ஒரு பூ. 'புராஞ்ச்' என்பர், உத்தராகண்டத்தின் மாநில மரம் அது. இதன் உடன்பிறப்பு நீலகிரியில் உண்டு. நாம் காட்டுப் பூவரசு என்கின்றோம். இரண்டும் ஒரே இனத்தின் இரு கிளைகள். இடையே ஈராயிரம் கி.மீ. சமவெளியில் இம்மரம் இல்லை. பனியூழிக் காலத்தில் நாடெங்கும் குளிர் பரவியபோது இவை தெற்கே வந்து, பின் வெம்மை திரும்பவே மலையுச்சிகளில் தங்கிவிட்டன என்பது அறிஞர் தரும் விளக்கங்களுள் ஒன்று. ஊர்விட்டு வந்து மலையுச்சியில் தங்கிய இம்மரத்தைக் கண்டபோது, தில்லித் தமிழர் மூவருக்கும் அதன்மேல் ஓர் உறவு உண்டாயிற்று.

நான்கு வாளி நீர்

சாத்தாலிலிருந்து மாலையில் திரும்பியபோது உடல் களைத்திருந்தது. ஈரோட்டு நண்பன் குளியலில் விருப்பம் உடையவன். செம்புத் தவலையில் கொதித்த நீரோடு தண்ணீர் கலந்து நான்கு வாளி குளித்துவிட்டு வந்தான். நாங்களும் அவனுக்குச் சளைக்கவில்லை.

மறுநாள் இருள் பிரியுமுன் விழித்தேன். ஆமாவின் மருமகள் இரண்டு பெரிய கேன்களை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். எங்கே போகின்றார் என்று ஆமாவிடம் கேட்டேன். அவர் முதலில் சொல்லவில்லை. வற்புறுத்தியபின் சொன்னார். குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மணி நேரமே நீர் வரும். எங்கள் குளியலோடு இருப்பு தீர்ந்துவிட்டது. விருந்தினரிடம் அதைச் சொல்லலாமா என்று அவர் சொல்லாதிருந்திருக்கின்றார்.

நான் திண்ணையில் நின்று கீழே பார்த்தேன். விடியல் ஒளியில் ஏரி முழுதும் தெரிந்தது. அவ்வளவு நீர் எதிரே கிடக்க, இவ்வீட்டில் குடிக்க நீர் இல்லை! ஏரி கீழே, வீடு மேலே. இடையில் இருப்பது அரைமணி ஏற்றம்.

நண்பர்களை எழுப்பினேன். மூவரும் இறங்கினோம். மருமகள் நீர் எடுத்துக்கொண்டிருந்த இடத்துக்கு 'நௌலா' என்று பெயர். சரிவில் கசியும் ஊற்றைச் சுற்றிக் கல்லால் ஒரு சிறு அறை கட்டி, படிகள் அமைத்திருப்பர். பழைய நௌலாக்கள் பலவற்றில் திருமால் உருவம் செதுக்கியிருப்பர். செருப்பைக் கழற்றிவிட்டே நீர் எடுக்க வேண்டும். நீர் சிறிதாகத்தான் ஊறியது. "நான் மருமகளாய் வந்தபோது இது படிவரை நிற்கும்" என்று ஆமா பின்னர் சொன்னார். இமயமலை நாட்டின் ஊற்றுகளில் ஏறக்குறையப் பாதி வற்றி வருவதாக 2018-இல் நீதி ஆயோக் அறிக்கை ஒன்று கூறியது. அறிக்கையில் படிக்கும்போது அது ஓர் எண். இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு மலை ஏறும்போது அது வேறு. அன்று முதல் எங்களுக்கு ஆளுக்கு ஒரு வாளிதான். நீர் சுமக்கும் வேலையும் எங்களுடையதாயிற்று.

ஊற்று ஏன் வற்றுகின்றது? ஊரார் சொல்லும் விடை எளியது. 'பாஞ்ச்' என்ற கருவாலி மரக்காடு நீரைப் பிடித்து வைக்கும். அதன் இலைக்குப்பை பஞ்சுபோல் மழையை உறிஞ்சி மெல்ல மண்ணுக்குத் தரும். ஊசியிலை கொண்ட 'சீட்' மரமோ தன் காய்ந்த ஊசிகளை நிலமெங்கும் விரிக்கும். கோடையில் ஒரு பொறி போதும். கருவாலி குறைந்து சீட் பெருகியது. மலைச்சரிவுகளில் கட்டடங்களும் பெருகின. மழை பெய்தாலும் மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவிடுகின்றது.

பீம்தாலும் நைனிதாலும்

மூன்றாம் நாள் பீம்தாலுக்கு நடந்தே சென்றோம், நான்கைந்து கி.மீ. இருக்கும். குமாவுனின் மிகப் பெரிய ஏரி இதுதான். கரையில் பாஜ் பகதூர் சந்த் என்ற 17-ஆம் நூற்றாண்டு மன்னன் கட்டிய சிவன்கோயில். அதை ஒட்டி 1883-இல் ஆங்கிலேயர் எழுப்பிய அணை. இயற்கை ஏரியின் வாயில் மதகு வைத்து, அடிவாரத்து வயல்களுக்கு நீர் விட்டனர். ஏரி நடுவே ஒரு தீவில் மீன் காட்சிச்சாலை உண்டு. குளிர்நீர் மீன்களை ஆராயும் நடுவண் அரசு நிறுவனமும் இவ்வூரில்தான் இருக்கின்றது. வண்ணத்துப்பூச்சிகளுக்கென ஓர் ஆராய்ச்சி மையமும் உண்டு. 2024 ஏப்ரலில் சுற்றியுள்ள காடுகள் தீப்பற்றியபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் இந்த ஏரியிலிருந்து பெரிய தொட்டிகளில் நீரை முகந்து தீயின்மேல் கொட்டின. காடு ஏரியைக் காக்க வேண்டிய இடத்தில், ஏரி காட்டைக் காக்க நேர்ந்தது.

நான்காம் நாள் நைனிதால். இம்முறை வேலை நாளாகப் பார்த்து, முதல் பேருந்தில் போனோம். 1841-இல் பாரன் என்ற ஆங்கிலச் சர்க்கரை வணிகர் இந்த ஏரியைக் கண்டு மயங்கினார். ஏரியும் காடும் தமக்கே உரியவை என்று கூறிய நர் சிங் என்பவரைப் படகில் ஏற்றி, நடு ஏரிக்குக் கொண்டுபோய், உரிமையை எழுதித் தராவிட்டால் தள்ளிவிடுவதாக அச்சுறுத்திக் கையெழுத்து வாங்கியதை, அவரே பெருமையோடு எழுதி வைத்துள்ளார். நீந்தத் தெரியாதவனிடம் நிலம் வாங்க இதைவிட மலிவான வழி ஏது?

அதன்பின் மாளிகைகள் சரிவுகளில் ஏறின. 1880 செப்டம்பரில் இடைவிடாத மழை. 18-ஆம் நாள் வடசரிவு இடிந்து இறங்கியது. 151 பேர் மாண்டனர். நைனாதேவி கோயிலும் புதையுண்டது. இன்று பிள்ளைகள் பந்தாடும் அகன்ற திடலின் ஒரு பகுதி அந்த மண்ணால் ஆனது. அதன்பிறகே சரிவெங்கும் வடிகால்கள் கட்டினர்.

இங்கும் தட்டை இறக்கினோம். நௌகுச்சியாதாலில் நெடுநேரம் கண்ணுக்குத் தெரிந்த தட்டு இங்கே சட்டென்று மறைந்தது. ஊரின் கழிவு பல்லாண்டுகளாக இறங்கியதன் விளைவு அது. அடிநீரில் உயிர்வளி அற்றுப்போகவே, 2007 முதல் குழாய்கள் வழியாகக் காற்றைச் செலுத்துகின்றனர். படகிலிருந்து பார்த்தால் நீர்மேல் குமிழிகள் வட்டமாய்க் கொதிப்பதுபோல் தெரியும். மருத்துவமனையில் மூச்சுக்குழாய் வைத்த நோயாளியின் நினைவே எனக்கு வந்தது.

ஏரியைவிட நான் காண விரும்பியது, ஊருக்கு மேலே உள்ள சூக்காதால் என்ற இடம். 'வற்றிய ஏரி' என்று பொருள். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் ஒரு பள்ளம். சுற்றுலாப் பயணிகள் திரும்பியும் பாரார். ஆனால் அங்கே தேங்கும் நீர் நிலத்தடியே இறங்கி நைனி ஏரிக்கு ஊட்டம் தருகின்றது என்று நீரியல் ஆய்வாளர் கண்டுள்ளனர். அப்பள்ளத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டினர். கரையில் வீடுகள் எழுந்தன. ஏரியின் மடியில் கைவைத்துவிட்டு, ஏரி ஏன் இளைத்தது என்று கேட்கின்றோம்!

மாலையில் மனோரா உச்சியிலுள்ள வானாய்வகத்துக்குச் சென்றோம். முன்பதிவு செய்துகொள்வது நலம். 1972 முதல் அங்கே 104 செ.மீ. தொலைநோக்கி இயங்குகின்றது. இவ்வாய்வகத்தின் தொடக்க ஆண்டுகளில் பணியாற்றிய சென்னையில் பிறந்த வைணு பாப்பு, 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்துக்குத் தலைவராகச் சென்றார். ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகம் கண்டவர் அவரே. நைனிதால் வானுக்கும் நம் மலை வானுக்கும் இப்படி ஓர் உறவு. இவ்வாய்வகத்தைச் சேர்ந்த தேவஸ்தல் நிலையத்தில் 2016-இல் 3.6 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும், 2022-இல் சுழலும் பாதரசத்தையே ஆடியாகக் கொண்ட 4 மீட்டர் தொலைநோக்கி ஒன்றும் வானைப் பார்க்கத் தொடங்கின.

வாசலில் பூ

ஐந்தாம் நாள் புறப்பட வேண்டும். விடியலில் வாசலில் குழந்தைகளின் குரல் கேட்டு எழுந்தோம். சிறுவர் சிறுமியர் கூடையில் மஞ்சள் பியூலிப் பூவும் சிவந்த புராஞ்சும் கொண்டுவந்து, ஒவ்வொரு வீட்டுப் படியிலும் தூவி வாழ்த்திப் பாடினர். ஆமா அவர்களுக்கு அரிசியும் வெல்லமும் காசும் கொடுத்தார். 'பூல் தேயி' என்ற திருநாள் அது. சூரியன் மீனத்தில் புகும் நாள். நமக்குப் பங்குனிப் பிறப்பு. முதல்நாள் மாலையே படியைக் காவிமண்ணால் மெழுகி, அரிசிமாக் குழம்பால் கோடும் புள்ளியும் கொண்ட கோலம் இட்டிருந்தார் மருமகள். 'ஐபண்' என்று அதற்குப் பெயர். மார்கழியில் பூசணிப்பூ வைத்த வாசல்களை நினைத்துக்கொண்டு, மூவரும் படியைத் தாண்டாமல் நின்றோம்.

வீட்டின் பக்கத்தில் 'காபல்' என்ற பழமரம் இருந்தது. காய் சிறிதாய்த்தான் பிடித்திருந்தது. பழுக்க மே மாதம் ஆகும். அம்மரத்தைக் காட்டி ஆமா ஒரு கதை சொன்னார். ஓர் ஏழைத் தாய் காபல் பழம் பறித்துக் கூடையில் வைத்து, மகளைக் காவலிருத்திவிட்டுக் காட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூடை குறைந்திருந்தது. மகள் தின்றுவிட்டாள் என்று சினந்து அடித்தாள். பசித்த குழந்தை இறந்தது. மாலையில் மழை பெய்தது. வெயிலில் சுருங்கியிருந்த பழங்கள் நீர்பட்டு மீண்டும் உப்பின; கூடை நிறைந்தது. தாயும் துயரால் மாண்டாள். தான் சுவைக்கவே இல்லை என்று அக்குழந்தை இன்றும் குயிலாய்க் கூவுகின்றதாம். நீர் வற்றினால் என்னென்ன வற்றும் என்பதை இக்கதையைப்போல் எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை.

போவோர்க்குச் சில குறிப்புகள்

மார்ச்சில் புராஞ்ச் பூக்கும், கூட்டம் குறைவு. மே, ஜூனில் காபல் பழமும் கூட்டமும் சேர்ந்தே வரும். ஜூலை முதல் செப்டம்பர் நடுவரை மழை, மண்சரிவு உண்டு, தவிர்க்க. அக்டோபர், நவம்பரில் வானம் தெளிந்து, மேல்முகடுகளிலிருந்து 7,816 மீட்டர் உயர நந்தாதேவி வெண்மையாய்த் தெரியும். குறைந்தது நான்கு இரவு ஒரே வீட்டில் தங்குக. இருட்டியபின் காட்டுவழியில் நடவாதீர். சிறுத்தை நடமாட்டம் உண்டு. பிளாஸ்டிக் உறைகளைத் திரும்பக் கொண்டுவருக. வந்திறங்கிய அன்றே, வீட்டாரிடம் நீர் எங்கிருந்து வருகின்றது என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.

நான் மதுராந்தகம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன். பத்து வயதில் தந்தையாரின் வேலையை ஒட்டித் தில்லிக்கு வந்தேன். எங்கள் ஊரிலும் ஏரி உண்டு. கரை உண்டு, மதகு உண்டு, கலிங்கு உண்டு. வரத்துக்கால்மேல் மட்டும் வீட்டுமனைகள் வந்துவிட்டன. மழை பெய்தும் ஏரி நிறையாத ஆண்டுகளை நான் கண்டிருக்கின்றேன்; காரணத்தைத்தான் எண்ணிப் பார்த்ததில்லை.

திரும்பி வந்த அன்று இரவு ஊரிலிருந்த தாத்தாவிடம் தொலைபேசியில் பேசினேன். ஏரிகளின் அழகையும் ஆழத்தையும் மூச்சுவிடாமல் விவரித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏம்ப்பா, அந்த ஏரிக்கு வரத்துக்கால் நல்லா இருக்குதா?"

ஐந்து நாள் தங்கி நான் கற்றதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். ஏரி என்பது கண்ணுக்குத் தெரியும் நீர் மட்டும் அன்று. அதன் பின்னால் நிற்கும் மலை, மலைமேல் நிற்கும் காடு, காட்டுக்குள் கசியும் ஊற்று, அவ்வளவும் சேர்ந்ததே ஏரி. ஒரு மணி நேரம் பார்ப்பவர்க்கு நீர் தெரியும்; தங்குபவர்க்கே ஏரி தெரியும்.

அடுத்த விடுமுறையில் நண்பர்கள் சென்று வருக. ஒரு வெள்ளைத் தட்டையும் கயிற்றையும் மறவாது எடுத்துச் செல்க. ஆமாவின் தட்டை மட்டும் கேட்க வேண்டா. நாங்கள் அதை நைனி ஏரியில் தவறவிட்டு, பீம்தால் கடைத்தெருவில் வேறொன்று வாங்கிக் கொடுத்திருக்கின்றோம்!